ஈஸ்டருக்கு மட்டும் செல்லும் இலக்கணம்

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. ஆண்டுதோறும் இந்த நாட்களில் எதையாவது விடுவது என் வழக்கம். ஒரு வருஷம் காப்பியை விட்டேன். ஈஸ்டர் வரைக்கும் தலைவலியோடுதான் ஜெபித்தேன். போன வருஷம் தொலைக்காட்சித் தொடரை விட்டேன். ஆனால் கதை என்னவாயிற்று என்று பால்காரரிடம் தினமும் கேட்டுத் தெரிந்துகொண்டதால் அது விரதத்தில் சேராது. இந்த வருஷம் கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வகுப்புக்கு வெளியே யாருடைய ஆங்கிலத்தையும் திருத்தப் போவதில்லை. பாளையங்கோட்டையில் காலமெல்லாம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவளுக்கு இது பட்டினி கிடப்பதைவிடப் பெரிது.

ஆராதனை முடிந்து வரும்போதே சோதனை வந்தது. பேக்கரி வாசலில் 'ஹாட் கிராஸ் பன்' கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். 'பி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. சிலுவை போட்ட சூடான துப்பாக்கி விற்பனைக்கு இருக்கிறது என்று பொருள். கைப்பையில் இருக்கும் சிவப்புப் பேனாவைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மாலையில் சுகிர்தம் வந்தாள். பின்தெருக்காரி. நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்கிறாள். பல வருஷமாக அவளிடம் வாங்குகிறேன் என்றாலும் எங்கள் பேச்சு 'நல்லாருக்கியா', 'இருக்கேன் மிஸ்' என்பதைத் தாண்டியதில்லை. கணவர் இல்லை. ஒரே மகள் பெனிட்டா வேல்ஸில் நர்ஸாக இருக்கிறாள். அங்கேயே ஓவன் என்ற வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஈஸ்டருக்கு மூவராக வருகிறார்கள்: மகள், மருமகன், மருமகனின் தாய் குவென் அம்மாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது சுகிர்தத்தின் பிடிவாதம். வந்த மகளைத் திருப்பி அனுப்பாமல் குழந்தை பிறக்கும்வரை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதைச் சம்பந்தியிடம் ஆங்கிலத்தில் கேட்கக் கற்றுத்தர வேண்டும் என்றாள். பெனிட்டாவே கேட்டுச் சொல்லலாமே என்றேன்.

"பேறுகாலத்துக்குப் பொண்ண விடுங்கன்னு பெத்தவ வாயால கேக்கணும் மிஸ். இவள நடுவுல நிறுத்துனா இவ இஷ்டத்துக்குச் சொல்லுவா. மருமவன நிறுத்துனா பாதிய முழுங்கிருவாரு. எனக்கு அந்த ஒத்த வாக்கியம் வந்தாப் போதும்."

ஒரு வாக்கியம் எப்படிப் போதும்? குவென் அம்மாள் பதிலுக்கு ஏதாவது கேட்டால்? அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும், தினமும் மாலை வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சம்பளம் வேண்டாம் என்றதற்கு, கொண்டுவந்த முட்டைகளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மஞ்சள் கருவைத் தொடக்கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருப்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லும் சந்தர்ப்பம் அமையவில்லை.

மார்ச் 6, வியாழன்

முதல் பாடம். 'ஐ ஆம், யூ ஆர், ஷீ இஸ்.' கரும்பலகை இல்லாததால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதினேன். துணியால் துடைத்தால் போய்விடுகிறது. இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்று.

சுகிர்தம் 'ஐ இஸ் சுகிர்தம்' என்றாள். எல்லாருக்கும் ஒரே 'இஸ்' வைத்துக்கொண்டால் என்ன, வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள். நான் 'இருக்கேன், இருக்க, இருக்கா, இருக்காவ' என்று சொல்லிக் காட்டினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஆமா. நம்மளும் சும்மா இல்ல."

மார்ச் 9, ஞாயிறு

பாடம் இல்லை. மதியம் நீளமாக இருந்தது. துணி காய்ந்தது.

மார்ச் 13, வியாழன்

உதாரணங்களை எல்லாம் ஈஸ்டர் கதையிலிருந்தே எடுக்கிறேன். அவளுக்குக் கதை மனப்பாடம் என்பதால் பொருள் சொல்லும் வேலை மிச்சம். இலக்கணத்தை மட்டும் கவனித்தால் போதும். இன்று 'இன், ஆன், அண்டர்'. பெரிய தகரச் சம்படத்தைச் சாய்த்து வைத்தேன், அதுதான் கல்லறை. வாசலுக்குக் குழவிக்கல். 'த ஸ்டோன் இஸ் ஹெவி. த டூம் இஸ் எம்ப்டி.' அழகாகச் சொன்னாள்.

பிறகு கேள்வி வாக்கியம். 'ஹூ ரோல்ட் த ஸ்டோன்?' என்று கேட்டேன். தேவதூதன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"மிஸ் ரோல்ட் த ஸ்டோன்" என்றாள்.

உருட்டியது நான்தானே. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

முட்டைகள் சேர்ந்துவிட்டன. பால்காரரிடம் கொஞ்சம் கொடுத்தேன். சுகிர்தத்திடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மார்ச் 19, புதன்

இன்று செயப்பாட்டு வினை நடத்தினேன். 'த ஸ்டோன் வாஸ் ரோல்ட் பை த ஏஞ்சல்.' இது சம்பந்தி அம்மாவிடம் கேட்பதற்குத் தேவைப்படுமா என்று சுகிர்தம் கேட்டாள். அஸ்திவாரம் பலமாக இருந்தால்தான் வீடு நிற்கும் என்றேன். "வீடு கட்டுதோமா, மாளிகை கட்டுதோமா மிஸ்?" என்றாள். நாளைக்கு ஒப்பீட்டு வாக்கியங்கள்.

மார்ச் 25, செவ்வாய்

நல்ல கேள்வி கேட்கும் மாணவி அமைவது அபூர்வம். கோவில் வாசலில் ஈஸ்டருக்கான பதாகை வந்துவிட்டது. அதில் 'ஹீ இஸ் ரிஸன்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அவரு எழுந்தது அன்னைக்கு. இஸ்ஸுன்னா இன்னைக்குன்னு நீங்கதான சொன்னீங்க. ரெண்டும் எப்படி மிஸ் ஒட்டும்?"

என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பதாகையின் கீழ் நின்று கேக் தின்றிருக்கிறார்கள். ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு உற்சாகமாகிவிட்டது, காப்பி போட்டுக் கொடுத்து விளக்கினேன். இந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'ஹேஸ் ரிஸன்' என்றுதான் வர வேண்டும். பழைய ஆங்கிலத்தில் வருவது, போவது, எழுவது போன்ற வினைகளுக்கு 'இஸ்' போடுவார்கள். எழுந்தார் என்பதோடு முடியவில்லை. எழுந்தவர் இப்போதும் எழுந்தே இருக்கிறார் என்று அர்த்தம். நாம் 'வந்தாச்சு' என்கிறோமே, அதில் வந்ததும் இருக்கிறது, வந்தவர் இருப்பதும் இருக்கிறது. ஏறக்குறைய அதுபோல.

ஈஸ்டர் காலையில் ஒருவர் 'ஹீ இஸ் ரிஸன்' என்றால் மற்றவர் 'ஹீ இஸ் ரிஸன் இன்டீட்' என்று சொல்ல வேண்டும். 'மெய்யாகவே' என்பதற்கு 'இன்டீட்'. அதையும் சொல்லிக் கொடுத்தேன். இந்த இலக்கணம் ஈஸ்டருக்கு மட்டும்தான் செல்லும், 'பஸ் இஸ் கம்' என்று வேறெங்கும் சொல்லிவிடாதே, தப்பு என்றும் எச்சரித்தேன்.

"பட்டுச்சேல மாதிரி" என்றாள். "கோழிக்கூடு கழுவுதப்போ உடுத்தக் கூடாது."

எழுதி வைத்துக்கொண்டேன். என் உதாரணங்களைவிட நன்றாக இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

இன்றுதான் அந்த முக்கிய வாக்கியத்துக்கு வந்தோம். இதற்குமேல் தள்ளிப்போட எனக்கு இலக்கணம் மிச்சமில்லை. நீயே முயற்சி செய்து பார் என்றேன். சுகிர்தம் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியைச் சம்பந்தியாகப் பாவித்துச் சொன்னாள்:

"ப்ளீஸ் லீவ் மை டாட்டர்."

என் மகளை விட்டு விலகிப் போங்கள் என்று பொருள். குவென் அம்மாள் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார்.

தவறு அவளுடையதல்ல, தமிழுடையது. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'விடு'. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம், புகைப்பதை விடுகிறோம், வழியை விடுகிறோம், பேச விடுகிறோம், கடைசியில் உயிரையும் விடுகிறோம். ஆங்கிலத்தில் விட்டுவிட்டுப் போனால் 'லீவ்', அனுமதித்தால் 'லெட்'. 'ப்ளீஸ் லெட் மை டாட்டர் ஸ்டே வித் மீ.' பலமுறை சொல்ல வைத்தேன். பாதி தடவை 'லெட்' வந்தது, பாதி தடவை 'லீவ்' வந்தது.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஓர் உதாரணம் சொன்னால் பிடித்துக்கொள்வேன் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

உதாரணம் அகப்படவில்லை. 'லெட் மீ லீவ் த பேக் ஹியர்' என்று ஒன்று தோன்றியது. சரியான வாக்கியம்தான், ஆனால் உயிரில்லை. உதாரணம் என்றால் ஒரு தரம் கேட்டால் சாகும்வரை மறக்கக்கூடாது. பையை எங்கே வைத்தால் யாருக்கு என்ன?

ஏப்ரல் 4, வெள்ளி

சுகிர்தம் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. முட்டை வாங்க வேண்டியிருந்ததால் நானே அவள் வீட்டுக்குப் போனேன். (குளிர்சாதனப் பெட்டியில் முட்டை வைக்க இடமில்லை. ஆனாலும் புதிய முட்டை புதிய முட்டைதான்.)

அவளுக்கு லேசான காய்ச்சல். இப்போது பரவாயில்லை. சமையலறை மூலையில் கூடையில் ஒரு சிவப்புக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. கஞ்சி வைக்க வழியில் இடைஞ்சலாக இருக்கிறதே என்று கூடையைத் தூக்கினேன். காய்ச்சல்காரி பாயிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள்.

"தொடாதீங்க மிஸ். அடைக்கோழிய எடம் மாத்தக் கூடாது. மாத்துனா அடைய விட்டு எந்திச்சிரும், அம்புட்டும் கூமுட்டையாப் போவும்."

கூடையை வைத்துவிட்டு, இதை ஆங்கிலத்தில் சொல் என்றேன். எதிர்மறை ஏவல் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? 'டோன்ட் மூவ் த சிட்டிங் ஹென்.' கஞ்சி குடித்துக்கொண்டே சொல்லிப் பழகினாள். பெனிட்டா தன்னிடம் இருக்க வேண்டும் என்பதும் இதே நியாயம்தான், பிரசவக்காரிக்குத் தாய்வீடுதான் கூடை என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

தவிர, பெனிட்டா இங்கே தங்கினால் சுகிர்தத்துக்கு இறந்தகால வினைகளை முழுவதுமாக நடத்தி முடிக்கலாம். பாடத்துக்காகச் சொல்கிறேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

சபைச் செய்தித்தாள் வந்தது. ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு ஆங்கிலத்தில் 'சன்ரைஸ்' என்று போட்டிருக்கிறார்கள். 'எஸ்' வர வேண்டிய இடத்தில் 'சி' வந்து, உதயம் சோறாகிவிட்டது. சூரியச் சோறு ஆராதனை, காலை ஐந்து மணி. செய்தித்தாளைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் வேதாகமத்தை வைத்தேன். இன்னும் ஒரு வாரம்தான்.

ஏப்ரல் 16, புதன்

வந்துவிட்டார்கள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பெனிட்டா நன்றாக இருக்கிறாள். ஓவன் உயரமான, பேசாத பையன். வாசல்படியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டான். குவென் அம்மாள் என் வயதுக்காரர். கையில் மண் ஏறிய ரேகைகள். அவருக்கு வீட்டுமொழி வெல்ஷ். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியையிடம் அடிவாங்கிப் படித்ததுதானாம். இதைப் பெனிட்டா சொன்னதும் சுகிர்தத்தின் முகத்தில் பாதி பயம் போயிற்று.

சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று குவென் அம்மாள் என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில் அந்த உறவு உண்டு, சொல்தான் இல்லை என்றேன். அப்படியானால் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றார். சுகிர்தம் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு அவரைத் தொட்டு, "மதினி" என்றாள். அவர் 'மடினி' என்றார். திருத்த வாயெடுத்தேன். லெந்து.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். ஒரு சொல்லும் புரியாமல் குவென் அம்மாள் கடைசிவரை நேராக உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் வார்த்தைக்கே ஓவன் தூங்கிவிட்டான். வெளியே வந்து கஞ்சி குடித்தோம்.

சுகிர்தம் என் காதோரம் 'லெட், லெட், லெட்' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்த அக்கா அவள் அந்நிய பாஷையில் ஜெபிக்கிறாள் என்று நினைத்துத் தலைகுனிந்தார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

காலையில் நடந்ததை முதலில் எழுதுகிறேன். இருட்டு விலகும்போது கோவில் மைதானத்தில் குவென் அம்மாள் சுகிர்தத்தின் கையைப் பிடித்து 'ஹீ இஸ் ரிஸன்' என்றார். சுகிர்தம் என்னைப் பார்க்கவே இல்லை. "ஹீ இஸ் ரிஸன் இன்டீட், மதினி" என்றாள். இலக்கணமும் உறவும் ஒரே வாக்கியத்தில். நான் சூரியனைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மதியம் ஆட்டுக்கறி பிரியாணி. அதற்குப் பிறகு குவென் அம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் முட்டையைக் கொடுத்தார். வெள்ளித்தாள் சுற்றிய பெரிய முட்டை. சுகிர்தம் உடைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாக, "உள்ள ஒண்ணுமே இல்ல மிஸ்" என்றாள். இன்றைக்கு எல்லாம் அப்படித்தான், கல்லறையும் அப்படித்தான் என்றேன்.

குவென் அம்மாள் படம் எடுப்பதற்காகச் சமையலறை மூலைக்குப் போய், வெளிச்சம் போதவில்லை என்று கோழிக் கூடையைத் தூக்கப் போனார். சுகிர்தத்தின் வாயிலிருந்து யோசிக்காமலே வந்தது:

"டோன்ட் மூவ் த சிட்டிங் ஹென்."

எல்லாரும் திரும்பினோம். பெனிட்டா வாயில் கை வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. குவென் அம்மாளுக்கோ ஒரே சந்தோஷம். அவருடைய பண்ணையிலும் கோழிகள் உண்டாம். அவருடைய அம்மாவும் இதையேதான் சொல்வாராம். கூடைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சுகிர்தமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் கூட இருக்க வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

"மதினி. ப்ளீஸ் ல..." என்று நின்றுவிட்டாள்.

ஐந்தாம் வகுப்பு ஆண்டுவிழாவில் வசனத்தை மறந்த பிள்ளையைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். நான் குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"லெட்" என்றாள். "லெட் மை டாட்டர் ஸ்டே வித் மீ. பேபி கம்ஸ், தென் ஷீ கோஸ்."

குவென் அம்மாள் கோழியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, புரியும்படி சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசினார். பெனிட்டாவின் டாக்டர் அங்கே இருக்கிறார். அவள் கட்டில், தொட்டில், புருஷன், அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி, எல்லாம் அங்கே. அவள் கூடு கட்டியிருப்பது அங்கேதான். அடைக்கோழியை இடம் மாற்றக்கூடாது என்று நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள்.

சுகிர்தம் கோழியைப் பார்த்தாள். கோழி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சொந்த வாக்கியத்திலேயே தோற்ற மனுஷியை முதன்முதலாகப் பார்த்தேன். அவள் கண் கலங்குவதற்குள் குவென் அம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு வாக்கியம் சொன்னார். அதுவும் சின்ன வாக்கியம்தான். கோழியை மாற்றக்கூடாது, நீங்கள் வாருங்கள்.

சுகிர்தத்துக்குப் பாஸ்போர்ட் போன வருஷமே எடுத்தாயிற்றாம். டிக்கெட் ஓவன் போடுவானாம். பெனிட்டா அழுதுகொண்டே சிரித்தாள். தானே கேட்டால் அம்மா வர மறுத்துவிடுவாள் என்று பயந்து பேசாமல் இருந்தாளாம்.

"யெஸ், மதினி. ஐ வில் கம்" என்றாள் சுகிர்தம். எதிர்காலம். பிழையில்லை.

நல்ல முடிவு. எல்லாருக்கும் நல்லது. பிரியாணியில் உப்பு சற்றுத் தூக்கல்.

ஏப்ரல் 21, திங்கள்

லெந்து முடிந்துவிட்டது. சிவப்புப் பேனாவோடு பேக்கரிக்குப் போனேன். பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

அவர்கள் மூவரும் கிளம்பிப் போனார்கள். அதற்கு முன்பே குஞ்சுகள் பொரித்துவிட்டன. குவென் அம்மாள் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விசாவுக்கு விண்ணப்பித்தாயிற்று. இனி விமான நிலைய ஆங்கிலம் நடத்த வேண்டும். 'வேர் இஸ் த கேட்?' செயப்பாட்டு வினைக்கு நேரமில்லை.

மே 14, புதன்

வெயில். தலைவலி. காப்பி குடித்தும் போகவில்லை.

மே 29, வியாழன்

விசா வந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி பயணம். திரும்பி வர ஆறு மாதம் ஆகும்.

சுகிர்தம் சாயங்காலம் வந்து காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். முகம் செத்துப்போயிருந்தது. ஒரு கோழி மறுபடியும் அடை உட்கார்ந்துவிட்டது, கோழிகளை யார் பார்ப்பது, அந்தக் குளிரில் தன் முட்டி தாங்குமா, விமானத்தில் யாராவது புரியாதபடி ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னாள்:

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். போவாண்டாம்னு சொல்லுங்க, நான் போகல. மிஸ்ஸு சொன்னாவன்னா பெனிட்டாவும் கேட்டுக்கிடுவா. இங்கனயே இருந்து பாடம் படிக்கேன்."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நேற்றைய பாடம் இன்னும் அழியாமல் இருந்தது. அதைத் துணியால் துடைத்தேன். நன்றாகத் துடைக்க நேரமாயிற்று. ஒப்பீட்டு வாக்கியங்கள் முடியவில்லை. இறந்தகாலம் பாதிதான் ஆகியிருக்கிறது. இதையெல்லாம் நினைத்தேன்.

அப்போதுதான் அந்த உதாரணம் அகப்பட்டது. இரண்டு மாதமாகத் தேடியது. கதவில் எழுதினேன்.

"லெட்டும் லீவும் ஒரே வாக்கியத்தில் கேட்டாயே" என்றேன். "லெட் ஹெர் லீவ்."

எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அவளைப் போவ விடு" என்று தமிழில் சொல்லிப் பார்த்தாள். "யார மிஸ்?"

"உன்னைத்தான்."

"யாருட்ட சொல்லுதீங்க?"

 ஏவல் வாக்கியத்தில் எழுவாய் மறைந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அடுக்கடுக்காக இருந்த முட்டைகளைப் பார்த்தாள்.

"திங்கவே இல்லயா மிஸ்?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சந்தர்ப்பம் அமைந்துவிட்டது. சிரித்தாள், அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குப் பாடம் வேண்டாம், சும்மா பேசிக்கொண்டிருப்போம் என்றாள். பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பிழையும் திருத்தவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். ரயில் நகரும்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. ஏதோ ஆங்கிலத்தில் சொன்னாள். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

அடைக்கோழியை இடம் மாற்றக்கூடாது என்பதால் நான் இடம் மாறியிருக்கிறேன். இனி தினமும் காலையும் மாலையும் சுகிர்தத்தின் வீட்டுக்குப் போய்க் கோழிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும். அடையில் இருப்பது கறுப்பி. சிடுசிடுப்பானவள். அவளுக்குச் சுகிர்தத்தின் குரல்தான் பழக்கம் போலிருக்கிறது. நான் பேசினால் கொத்த வருகிறாள். ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன். கொத்தவில்லை. சுகிர்தம் வீட்டில் இவளிடம்தான் ஒப்பித்துப் பழகியிருக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் சுகிர்தம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. குஞ்சுகள் என் செருப்பின்மேல் தூங்கின.

ஜூலை 9, புதன்

காலையில் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் குரல்செய்தி வந்தது. பின்னால் ஏதோ சலசலப்பு. குவென் அம்மாள் 'மதினி, மதினி' என்று கூப்பிடுவது கேட்டது. இப்போது 'தி' சரியாக வருகிறது. அதற்கும் பின்னால், புத்தம்புதிய தொண்டையிலிருந்து ஓர் அழுகை. பிறகு சுகிர்தம், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள்.

"மிஸ். பேபி இஸ் கம்."

'ஹேஸ்' வர வேண்டும். குறைந்தது 'த' என்றாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். லெந்து முடிந்து எத்தனையோ நாளாயிற்று. திருத்துவதற்கு எனக்கு எல்லா உரிமையும் உண்டு. இது வேறெங்கும் செல்லாது என்று மார்ச்சிலேயே எச்சரித்திருக்கிறேன்.

இன்னொரு தரம் கேட்டேன். வந்தாயிற்று, வந்தது இருக்கிறது, அழுகிறது. பட்டுச்சேலையை எடுத்து உடுத்த வேண்டிய நாளில்தான் உடுத்தியிருக்கிறாள்.

தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்திப் பதில் சொன்னேன். கறுப்பி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேபி இஸ் கம் இன்டீட்."